கல்லறை உள்ளவருக்குத்தான் பேயா? தில்லி வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் காஷ்மீரி கேட்டைப் பற்றி நாலு வரிக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். 1857 செப்டம்பர் 14 அன்று ஆங்கிலேயர் வெடிவைத்துப் பிளந்த வாசல், பீரங்கிக் குண்டு பட்ட காயம் இன்னும் சுவரில் இருக்கிறது, அவ்வளவுதான் குறிப்பு. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அங்கே பேய் உண்டா என்றுதான் கேட்கின்றன. சரி, இந்த மாதப் பகுதி முழுக்க அதற்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கரோல் பாக் வாசகி ஒருவர்: என் மகன் ஏழாம் வகுப்பு. ஐ.டி.ஓ.விலிருந்து தில்லி கேட் போகும் சாலையில் இருக்கிற கூனி தர்வாசாவில் (ரத்த வாசல் என்று அர்த்தமாம்), மழைக்காலத்தில் கூரையிலிருந்து ரத்தம் சொட்டும் என்று பள்ளி வேனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வழியாகப் போனாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். அங்கே உண்மையில் என்னதான் நடந்தது?

ரத்தம் சொட்டுவதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வாசல் ஷேர் ஷா சூரி காலத்தது, 16-ஆம் நூற்றாண்டு. தில்லிப் பாறைக்கல்லையும் சிவப்பு மணற்கல்லையும் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மணற்கல் சிவப்பாக இருப்பதற்குக் காரணமே அதிலுள்ள இரும்பு ஆக்சைடுதான். இவ்வளவு பழைய கட்டடத்தில் மழைத்தண்ணீர் விரிசல் வழியே இறங்கும்போது உள்ளே தங்கின தூசி, மண், புறா எச்சம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு பழுப்பாகத்தான் வரும். பையனிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் ரத்தம் சொட்டுகிறது என்பது கட்டுக்கதையே தவிர, ரத்தம் சிந்தியது கட்டுக்கதை இல்லை.

1857 மே மாதம் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் கிழட்டு பாதுஷா பகதூர் ஷா ஜாஃபரைத் தலைவராக்கிக் கலகம் தொடங்கினார்கள், நாலு மாதம் தில்லி அவர்கள் கையில் இருந்தது. செப்டம்பரில் நகரம் விழுந்ததும் பாதுஷா போய் ஹுமாயூன் கல்லறையில் தங்கினார். கேப்டன் ஹாட்சன் என்பவர் போய், உயிருக்கு ஆபத்து இல்லை என்று வாக்குக் கொடுத்து அவரை அழைத்து வந்தார். அடுத்த நாள், செப்டம்பர் 22, மறுபடியும் அதே இடத்துக்குப் போய் மிர்ஸா முகல், மிர்ஸா கிஸ்ர் சுல்தான் என்ற இரண்டு மகன்களையும் பேரன் மிர்ஸா அபு பக்கரையும் சரணடைய வைத்தார். இவர்களுக்கு எந்த வாக்கும் இல்லை. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்தை நோக்கி வரும்போது இந்த வாசலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கச் சொல்லி, மேல்சட்டையைக் கழற்றச் சொல்லி, தன் கையாலேயே மூவரையும் சுட்டார். கூட்டம் நெருக்கியது, அவர்களை மீட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன் என்பது அவர் சொன்ன காரணம். மோதிரங்களையும் வாள்களையும் கழற்றி எடுத்துக்கொண்டார். உடல்களைக் கொண்டுபோய்ச் சாந்தினி சௌக் கோத்வாலிக்கு, அதாவது காவல் நிலையத்துக்கு முன்னால் ஊர் பார்க்கப் போட்டு வைத்தார்கள். சரணடைந்தவர்களை, விசாரணை இல்லாமல். ஆங்கிலேயரிலேயே சிலர் இதைக் கொலை என்றுதான் சொன்னார்கள். ஹாட்சனும் அடுத்த மார்ச்சில் லக்னோவில் குண்டடிபட்டுச் செத்தார்.

ஔரங்கசீப் தன் அண்ணன் தாரா ஷிகோவின் தலையைத் தொங்கவிட்டதும் அங்கேதான், பாரசீகத்திலிருந்து படையெடுத்து வந்த நாதிர் ஷா வெட்டியதும் அங்கேதான் என்று எல்லா ரத்தத்தையும் இந்த ஒரு வாசலிலேயே கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். 1739-ல் நாதிர் ஷாவின் படுகொலை நடந்தது ஷாஜஹானாபாத்துக்குள்ளே, அதாவது பழைய தில்லியில், சாந்தினி சௌக், தரீபா பக்கம். அவர் உட்கார்ந்து அதைப் பார்த்த சுனேரி மசூதி இன்றும் இருக்கிறது. தரீபா முகப்பில் இருந்த வாசலுக்கும் இதே பெயர் வழங்கியதால் வந்த குழப்பம் இது.

இப்போது வாசலைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுப் பூட்டி வைத்திருப்பது பேய்க்காக இல்லை. 2002-ல் பட்டப்பகலில் ஒரு கல்லூரி மாணவிக்கு அங்கே நடந்த கொடுமைக்குப் பிறகு பூட்டினார்கள். தில்லியில் பெண்கள் எதற்குப் பயப்பட வேண்டியிருக்கிறது என்று அந்தப் பூட்டு சொல்கிறது.

வடக்கு வளாகத்தில் படிக்கும் மாணவர்: கமலா நகரில் பி.ஜி.யில் இருக்கிறேன். ராத்திரி பக்கத்துக் குன்றுக்காடான ரிட்ஜ் பக்கம் போனால் தலையில்லாத துரை ஒருவர் வந்து சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்பார் என்கிறார்கள். நண்பர்கள் ஒருநாள் ராத்திரி போய்ப் பார்க்கலாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். போகலாமா?

தலையில்லாதவர் சிகரெட்டை எங்கே வைத்துக்கொள்வார் என்று உங்கள் நண்பர்களைக் கேளுங்கள் தம்பி. ராத்திரி போகாதீர்கள். காட்டுப் பகுதி, இருட்டு, குரங்கு, பாம்பு, ஏரிக்கரையில் வழுக்குப் பாறை. அந்த ஏரிக்கும் ரத்த ஏரி என்றுதான் பெயர், அதில் இறங்கக் கூடாது. காலையில் ஆறு மணிக்குப் போங்கள், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் இருப்பார்கள், பார்க்கவும் நிறைய இருக்கிறது.

முதலில் ஃப்ளாக்ஸ்டாஃப் டவர். உங்கள் வளாகத்துக்குப் பின்னால்தான். மே 11 அன்று நகருக்குள் கலகம் வெடித்ததும் தப்பி வந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் அந்த வட்டக் கோபுரத்துக்குள் அடைந்துகொண்டு, மீரட்டிலிருந்து உதவி வரும் என்று நாள் முழுக்க வடகிழக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மே மாதத் தில்லி வெயில், குழந்தைகள், ஒரு சின்ன அறை. உதவி வரவில்லை. சாயங்காலம் கர்னால் பக்கம் ஓடினார்கள். அதே நாள் பகலில் காஷ்மீரி கேட் உள்ளே இருந்த ஆயுதக் கிடங்கை லெஃப்டினன்ட் வில்லபியும் அவருடைய ஆட்களும் தாங்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அக்கம்பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஊர்மக்கள் ஏராளமானவர்கள் அதில் செத்தார்கள்.

ஜூன் 8-இலிருந்து ஆங்கிலேயப் படை இந்தக் குன்று முதுகில்தான் முகாம் போட்டு உட்கார்ந்திருந்தது. இந்து ராவ் வீடு, இப்போது இந்து ராவ் மருத்துவமனை, அவர்களுடைய முன்னணி. சண்டையில் செத்தது ஒரு பக்கம் என்றால் காலராவில் செத்தது இன்னொரு பக்கம். படைத்தலைவர் பர்னார்டே ஜூலை 5 அன்று காலராவில்தான் போனார். எனவே ரிட்ஜில் பேய் நடமாட்டம் என்று கதை கட்டினவர்களுக்கு முகாந்திரம் இல்லாமல் இல்லை, அந்த மண்ணில் அவ்வளவு சாவு விழுந்திருக்கிறது.

அடுத்து அங்கே அந்தச் சிவப்புக் கல் கோபுரத்தைப் பாருங்கள், மாதா கோயில் கோபுரத்தை மட்டும் பெயர்த்து வைத்ததுபோல இருக்கும். 1863-ல் ஆங்கிலேயர் தங்கள் படைக்குக் கட்டிய நினைவுச் சின்னம். சுற்றிலும் பதித்த பலகைகளை அவசரப்படாமல் படியுங்கள். அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. கீழே உள்ளவர்கள் எண்ணிக்கையாக இருப்பார்கள், அதிலும் ஐரோப்பியர் இத்தனை, சுதேசிகள் இத்தனை என்று தனித்தனிப் பத்தி. 1972-ல், சுதந்திரத்தின் இருபத்தைந்தாம் ஆண்டில், நம் அரசாங்கம் இதற்கு அஜீத்கட் என்று பெயர் மாற்றி இன்னொரு பலகை வைத்தது. மேலே எதிரி என்று எழுதியிருக்கிறதே, அவர்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய தியாகிகள் என்று அந்தப் பலகை சொல்கிறது. பழையதை இடிக்காமல், அழிக்காமல், பக்கத்திலேயே மறுப்பை எழுதி வைத்த இந்தக் காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

மயூர் விஹார், ஓய்வு பெற்ற அரசு அலுவலர்: காஷ்மீரி கேட் மெட்ரோவுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நிக்கல்சன் துரையின் ஆவி அலைகிறது என்று இணையத்தில் நிறையப் படிக்கிறேன். பக்கத்து லோதியன் கல்லறையில் வேறொரு தலையில்லாத துரையாம். இதெல்லாம் எப்போதிலிருந்து?

நிக்கல்சனை நன்றாகத் தெரிந்துகொண்டால் அவர் ஏன் பேயானார் என்று புரியும். பிரிகேடியர் ஜான் நிக்கல்சன், முப்பதுகளில் இருந்தவர், செப்டம்பர் 14 தாக்குதலுக்குத் தலைமை தாங்கி, காபூல் கேட் பக்கம் ஒரு குறுகலான சந்தில் குண்டு பட்டு, ஒன்பது நாள் வலியில் கிடந்து 23-ஆம் தேதி செத்தார். ஆங்கிலேயருக்கு அவர் மாவீரன். நம் பக்கம் என்றால், ஆங்கிலேயப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றவர்களைத் தூக்கில் போடுவது போதாது, உயிரோடு தோலுரிக்கவும் கழுவேற்றவும் எரிக்கவும் சட்டம் வேண்டும் என்று கடிதம் எழுதியவர்.

அவர் உயிரோடு இருக்கும்போதே பஞ்சாபில் சிலர் அவரை நிக்கல் சேன் என்று தெய்வமாக்கிக் கும்பிட்டார்கள். கும்பிட்டவர்களை அவர் சவுக்கால் அடித்தார். அடிக்க அடிக்க பக்தி கூடியது. உயிரோடு இருந்தபோதே பாதி சாமியாகிவிட்டவர், செத்தபின் அலையாமல் இருப்பாரா என்றுதான் ஜனங்கள் நினைத்திருப்பார்கள்.

கல்லறையைப் போய்ப் பாருங்கள். வாசலில் நுழைந்ததும் வலது பக்கம், இரும்புக் கிராதி போட்டு, வெள்ளைச் சலவைக்கல். சுற்றிலும் வேம்பு, புல், குரங்குகள். மதில்மேல் மெட்ரோ ஓடும் சத்தம். அவருக்கு எழுப்பிய சிலை முன்பு பக்கத்திலேயே நின்றிருந்தது, இப்போது அது வட அயர்லாந்தில் டங்கானன் என்ற ஊரில் அவர் படித்த பள்ளியில் நிற்கிறது. அந்தத் தோட்டத்தில் என்னை நிறுத்தி வைத்தது நிக்கல்சன் இல்லை. அவரைத் தாண்டி உள்ளே போனால் வரிசையாகச் சின்னச் சின்னக் கல்லறைகள், ஒரு வயது, இரண்டு வயது, பதினோரு மாதம் என்று. காய்ச்சலிலும் காலராவிலும் போன பிள்ளைகள். அவர்களைப் பற்றி எந்த யூடியூப் காணொளியும் கிடையாது.

லோதியன் கல்லறை அதைவிடப் பழையது, 1808-இலிருந்து உள்ளது. அங்கே சொல்கிற தலையில்லாத துரை, காதலில் தோற்றுத் தன்னைச் சுட்டுக்கொண்டவர் என்பது கதை. அது போர்ச் சாவு இல்லை, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

முனிர்கா வாசகி, ஆய்வு மாணவி: நீங்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தில்லியின் கலகப் பேய்கள் முக்கால்வாசி வெள்ளைக்காரர்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அவர்கள் ஏன் பேயாகவில்லை?

இந்த மாதம் வந்த கேள்விகளில் இதற்காகத்தான் இந்தப் பகுதியையே எழுதுகிறேன் என்று சொல்லலாம்.

கூச்சா சேலான் என்று ஒரு தெரு, தரியாகஞ்ச் பக்கம். படித்தவர்களும் கவிஞர்களும் வாழ்ந்த இடம். நகரம் விழுந்த அந்த வாரத்தில் அந்த ஒரு பேட்டையில் மட்டும் சுமார் 1400 பேரைக் கொன்றார்கள். வாள்வீச்சில் போனவர்கள் போக மிச்சம் இருந்த ஆண்களை யமுனைக் கரைக்குக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். பாரசீகப் புலவர், தில்லிக் கல்லூரியின் ஆசிரியர் இமாம் பக்ஷ் சஹ்பாயி தம் பிள்ளைகளோடு அப்படிப் போனார். தில்லி உர்தூ அக்பார் பத்திரிகையை நடத்திய மௌல்வி முகம்மது பாக்கரையும் கொன்றார்கள். பத்திரிகை எழுதியதற்காக உயிரை விட்டவர், நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு முன்னோடி. இவர்கள் யாருடைய ஆவியும் எங்கேயும் அலைவதாக நான் இந்த ஊரில் ஒரு கதை கேட்டதில்லை.

ஏன்? பேய்க் கதை தானாக நிற்காது. சொல்ல ஒரு பாட்டி வேண்டும், கேட்க ஒரு பேரன் வேண்டும், இதோ இந்த வீடுதான் என்று காட்ட ஒரு வீடு வேண்டும். 1857 செப்டம்பருக்குப் பிறகு தில்லியில் அது மூன்றும் இல்லாமல் போயிற்று. பிழைத்தவர்களை மொத்தமாக நகரத்தை விட்டு விரட்டினார்கள். குளிரில் வெட்டவெளியிலும் பாழடைந்த கல்லறைகளிலும் கிடந்தார்கள். இந்துக்களைச் சில மாதங்களில் திரும்ப விட்டார்கள், முஸ்லிம்கள் அதைவிட நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்து பார்த்தபோது கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் நடுவில் இருந்த தெருக்களே இல்லை, இடித்து மைதானமாக்கியிருந்தார்கள். ஜாமா மசூதியை 1862-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். தரியாகஞ்சில் உள்ள ஜீனத் மசூதி ரொட்டி சுடும் இடமாகியிருந்தது. தெருவே போன பிறகு அந்தத் தெருவில் யார் அலைவது? நிக்கல்சனுக்குக் கல்லறை இருக்கிறது, கல்லறைக்குக் காவலாள் இருக்கிறான், காவலாள் சொல்லக் கதை இருக்கிறது. சஹ்பாயிக்குக் கிடைத்தது ஆற்று மணல்.

நம் ஊர் வழக்கம் இந்த விஷயத்தில் வேறு மாதிரி, அதை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. துர்மரணம் அடைந்தவர்களை நாம் பயந்து ஒதுக்கிவிட்டதில்லை. தொல்காப்பிய காலத்திலேயே விழுந்த வீரனுக்குக் கல் தேடி, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்தி என்று ஒரு முறையே வைத்திருந்தார்கள். பரணி பாடிய புலவர்கள் போர்க்களத்துப் பேய்களுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றுகிற வேலையைக் கொடுத்தார்கள். தென்மாவட்டங்களில் அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவன் அடுத்த தலைமுறையில் பீடம் போட்ட சாமி, வருஷத்துக்கு ஒருமுறை கொடை, வில்லுப்பாட்டில் அவன் பிறந்தது முதல் செத்தது வரை முழுக் கதையும் ராத்திரி முழுக்க. கொன்றவன் பேரும் அதிலே வரும். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கயத்தாற்றில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுப் போட்டு அது ஒரு குவியலாகவே எழுந்தது.

எதிரிக்கும் இந்த மரியாதை உண்டு. 1809-ல் திருவிதாங்கூரில் வேலுத்தம்பி தளவாய் கிளர்ச்சியின்போது ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சண்டையில் படுகாயம் பட்டுச் செத்த ஒரு கம்பெனி அதிகாரியை, அங்கிருந்து இருபத்தைந்து மைல் தள்ளி மணல்காட்டில் புதைத்தார்கள். பிற்பாடு அந்தப் பக்கத்து ஜனங்கள் அவருக்கு வழிபாடு ஏற்படுத்தி, பாட்டுக் கட்டி, சாராயமும் சுருட்டும் படைத்தார்கள். திருநெல்வேலியில் இருந்த கால்டுவெல் இதை எழுதி வைத்திருக்கிறார். சொந்த ஊரை விட்டு வந்து இங்கே மண்ணில் கிடக்கிறான், அவனுக்குப் பிடித்ததைக் கொடுப்போம் என்று நினைத்த மனசு அது. சண்டையில் யார் பக்கம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம்மிலும் ஓட்டை உண்டு. 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைக் கலகத்தில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து, அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சிப்பாய்கள் சுமார் நூறு பேரை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுடச் சொன்னார். அந்த நூறு பேரில் ஒருவருக்குக்கூட வில்லுப்பாட்டு இல்லை. வெளியூரிலிருந்து வந்து பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்த ஊரில் பாட்டி கிடையாது.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பேய்க் கதையை ஆதாரமாகப் படியுங்கள். எங்கே பேய் இருக்கிறது என்பதைவிட, எங்கே இவ்வளவு சாவு விழுந்தும் பேய் இல்லை என்று தேடுங்கள். அங்கேதான் துடைத்து எடுத்திருக்கிறார்கள். ஆய்வுக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

ராமகிருஷ்ணபுரம் வாசகர்: என் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்தவர். செங்கோட்டைக்குப் பக்கத்துச் சலீம்கட் கோட்டையில் ஐ.என்.ஏ. கைதிகளின் சங்கிலிச் சத்தமும் முனகலும் ராத்திரியில் கேட்கும் என்கிறார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

கஷ்டமாகத்தான் இருக்கும். சலீம்கட் 1546-ல் கட்டியது, முகலாயர் காலத்திலிருந்தே சிறை. ஔரங்கசீப் தன் மகள் ஜேபுன்னிஸாவை 1702-ல் அவர் சாகும்வரை சுமார் இருபது வருஷம் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார், அந்த மகள் கவிதை எழுதியவர். அவர் பாடுகிற சத்தம் கேட்கும் என்பது பழைய கதை, 1945-க்குப் பிறகு அதே இடத்தில் சங்கிலிச் சத்தமும் சேர்ந்துகொண்டது.

சத்தம் கேட்பது என்னவோ நிஜம். ரயில் பாதை அந்தக் கோட்டைக்குள்ளேயே புகுந்துதான் யமுனைப் பழைய இரும்புப் பாலத்துக்குப் போகிறது. ராத்திரியில் சரக்கு ரயில் மெதுவாகப் பாலம் ஏறும்போது கோட்டைச் சுவருக்குள் இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் எப்படி எதிரொலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஜனங்களுக்குக் கைதிகள் ஞாபகம் வருகிறதே, அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நூறு வருஷம் கழித்தும் வந்தால் நல்லதுதான்.

தாத்தாவைப் பற்றி வீட்டில் பேசுங்கள். 1943-க்குப் பிறகு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அந்தப் படையில் சேர்ந்தவர்களில் தோட்டத் தமிழர்கள் ஏராளம். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். 1857-ல் போரிட்ட ராணியின் பெயரை அந்தப் படைக்கு வைத்தது தற்செயல் இல்லை. பகதூர் ஷாவை 1858-ல் விசாரித்து ரங்கூனுக்கு அனுப்பிய அதே செங்கோட்டையில்தான் 1945 நவம்பர் 5 அன்று ஷாநவாஸ் கான், சஹ்கல், தில்லோன் மூவர் மீதான விசாரணையும் தொடங்கியது. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர் என்று சேர்த்து நிறுத்தியதால் நாடே கொந்தளித்தது, தண்டனையை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. சலீம்கட்டில் இப்போது சுதந்திரப் போராட்ட நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. செங்கோட்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், தாத்தாவின் போட்டோ இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

பலர் கேட்டது: தில்லி கன்டோன்மென்டில் லிஃப்ட் கேட்கும் வெள்ளைப் புடவைப் பெண்? அக்ரசேன் படிக்கிணற்றின் கறுப்புத் தண்ணீர்?

இரண்டுக்கும் போரோடும் கலகத்தோடும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வெள்ளைப் புடவைப் பெண் இந்தியாவில் எந்த நெடுஞ்சாலையிலும் நிற்பார்.

ஜங்புரா வாசகி: ஃபெரோஸ் ஷா கோட்லாவில் வியாழக்கிழமை ஜின்களுக்குக் கடிதம் எழுதி வைக்கிறார்கள். அங்கேயும் ஒரு பாதுஷாவைக் கொன்றிருக்கிறார்களாமே. போவது தப்பா?

தப்பே இல்லை. கொன்றது உண்மை, 1759-ல் இரண்டாம் ஆலம்கீரை, ஒரு பெரிய ஃபக்கீர் வந்திருக்கிறார் என்று ஆசைகாட்டி அங்கே வரவழைத்து அவருடைய வசீரின், அதாவது முதல் மந்திரியின் ஆட்களே குத்திக் கொன்றார்கள். ஆனால் வருகிற ஜனங்களில் யாரும் அவரைத் தேடி வருவதில்லை. ஜின்களிடம் மனு கொடுக்கத்தான் வருகிறார்கள். மகளுக்கு வரன், வீட்டுக்காரரின் குடி, கோர்ட்டு வழக்கு. முகவரி, சில சமயம் போட்டோ எல்லாம் வைத்து, ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மாடத்திலும் ஒன்று. விருத்தாசலம் பக்கம் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிற நமக்கு இது புதிதா என்ன. பத்தி, மெழுகுவர்த்திப் புகை தாங்குமென்றால் போங்கள். மேலே நிற்கும் அசோகர் தூணையும் அதிலுள்ள கல்வெட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். யாருடைய கடிதத்தையும் எடுத்துப் படிக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

கரோல் பாக், எழுபது வயது வாசகி: மகாளய பட்சம் வருகிறது. வீட்டில் பிள்ளை தர்ப்பணம் செய்வான். இந்தக் கலகத்தில் அனாதையாகப் போனவர்களுக்கும் எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லலாமா? அவர்கள் நமக்கு ஒன்றும் உறவில்லை, பாதிப்பேர் வேறு மதம்.

அம்மா, விடச் சொல்லுங்கள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, பந்துவும் இல்லை, பேர் சொல்லவும் ஆளில்லை என்கிறவர்களுக்கென்றே தர்ப்பணத்தின் கடைசியில் ஒரு மந்திரம் இருக்கிறது. உறவில்லாத காருண்ய பித்ருக்களுக்கும் மகாளயத்தில் இடம் உண்டு. உங்கள் வீட்டு வாத்தியாருக்கு இது தெரிந்திருக்கும், முன்கூட்டியே சொல்லிவைத்தால் நேரம் ஒதுக்குவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1857 செப்டம்பர் 18 அமாவாசை. புரட்டாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது, அதாவது அதுவே மகாளய அமாவாசை. அன்று சூரிய கிரகணமும் சேர்ந்து வந்தது. தில்லித் தெருக்களில் வீடு வீடாகச் சண்டை நடந்துகொண்டிருந்த நாள் அது. அன்றைக்கு இந்த ஊரில் எத்தனை வீட்டில் எள்ளும் தண்ணீரும் விட ஆள் இருந்திருக்கும்!

வேறு மதம் என்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் வழக்கப்படி ஃபாத்திஹா ஓதுவதுதான் முறை. பழைய தில்லியில் தெரிந்தவர்கள் இருந்தால் சஹ்பாயி பெயரையும் பாக்கர் பெயரையும் சொல்லி ஓதச் சொல்லலாம், சந்தோஷமாகச் செய்வார்கள். யமுனைக்கரைக்குப் போக வேண்டுமென்று அலையாதீர்கள். படித்துறைகளில் தண்ணீர் இருக்கும் நிலையில் உங்கள் வயசுக்கு அது ஆகாது. வீட்டுக் கூடத்தில் தாம்பாளம் வைத்துச் செய்தால் போதும்.